தெற்கு நோக்கிய படம்

என் தங்கை தன் மாடிக்கு ஜன்னல் வைத்த அன்று நான் ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, என் வேலை அது. தங்கமோ செம்போ கிடைக்குமா என்று பார்க்கப் பூமிக்குள் ஆழமாகத் துளை போடுவார்கள். துளையிலிருந்து வரும் உருளைக் கற்களை நீளப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி எங்கள் கொட்டகையில் கொண்டுவந்து இறக்குவார்கள். மீட்டர் மீட்டராக அவற்றைப் பார்த்து, எங்கே என்ன கல், எங்கே உடைந்திருக்கிறது, வெள்ளைப் பட்டை எந்தச் சாய்வில் ஓடுகிறது என்று எழுதி வைப்பது என் பாடு. காய்ந்த கல் ஒன்றையும் காட்டாது. ஈரம் பட்டால்தான் முகம் தெரியும். தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டாவிட்டால் நாக்குதான். பத்தொன்பது வருஷமாக நக்குகிறேன். ஒரு கல்கூட என்னைப் பணக்காரியாக்கவில்லை.

போனில் படம் வந்தது. ஆள் உயரத்துக்கு நாலு ஜன்னல், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை. கீழே, "அக்கா எப்டி இருக்கு?" என்று எழுதியிருந்தாள். "சூப்பர்" என்று அனுப்பிவிட்டு, வாயில் ஒட்டிய மண்ணைத் துப்பினேன். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவுக்குத் தங்கை மேல் பொறாமை வரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, போட்டிருந்தாலும் நான் மீறியிருப்பேன்.

அவள் என்ன செய்து சம்பாதித்தாள் என்பதுதான் என் நெஞ்சைக் குடைந்தது. அவளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற கடை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டி, வளையம் கோத்து மாட்டிவிட்டு வருவாள். அப்படி ஒரு வீட்டில் அளவெடுக்கும்போது அந்த வீட்டுக்கார அம்மா, தங்கம் தேடுகிற ஒரு சின்னக் கம்பெனியின் ஷேரை வாங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இவளும் கடையில் கிடந்த பணத்தை எடுத்துப் போட்டாள். பதினாலு மாதத்தில் அது ஆறு மடங்கானது. கொஞ்சம் ஷேரை விற்று, கூட லோனும் போட்டதில் கடையில் கிடந்த பணம் மாடியாக எழுந்து நின்றது. வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் அக்கா கல்லோடு கல்லாகக் கிடக்கிறாள், அவளைக் கேட்போம் என்று தோன்றவில்லை. உப்புக்கல்லுக்கும் பளிங்குக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவள், என் தொழிலில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்றிருப்பேன். இந்த மாதிரிக் கம்பெனிகளிடம் சுரங்கம் இருக்காது, சுரங்கம் வரலாம் என்ற ஆசை மட்டும்தான் இருக்கும். விற்க ஒரு பொருள் கிடையாது, ஷேரைத்தான் விற்பார்கள். விற்ற காசில் துளை போடுவார்கள், துளையில் நல்ல செய்தி வந்தால் இன்னும் ஷேர் விற்பார்கள், இன்னும் துளை போடுவார்கள். என் காலத்தில் எங்கள் கொட்டகைக்கு அறுபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெட்டிகள் வந்திருக்கின்றன. இரண்டுதான் சுரங்கமாயின. மற்றவற்றின் பெட்டிகள் பின்வாசலில் புல் முளைத்துக் கிடக்கின்றன, வாடகை கட்ட ஆள் இல்லை. ஆகவே யார் கேட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கிறேன், அறுபதில் ஐம்பத்தெட்டு தடவை சரியாகவும் சொல்லியிருக்கிறேன். என் அறிவால் தங்கைக்கு ஆகியிருக்கக்கூடிய ஒரே காரியம் அவள் ஜன்னலைத் தடுத்திருப்பது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு என்று யாரும் பேசாமலே முடிவாகிவிட்டது. பேரப்பிள்ளைகளின் போட்டோவை வைத்துக்கொண்டு தங்கை வீட்டு ஞாபகமாகவே இருப்பாள், சாப்பிடுவதும் தூங்குவதும் என் வீட்டில்.

"பெரியவளே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"உங்கப்பா வீட்ட வித்த பணம் பேங்க்ல சும்மா கெடக்குல்ல? சின்னவ வாங்கியிருக்காளே, அந்தக் கம்பெனில போடலாமான்னு பாக்குறேன்."

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"எனக்கு எதுக்குடி பணம்? அவளுக்கு வீடு இருக்கு, புருஷன் இருக்கான். உனக்குன்னு என்ன இருக்கு? நான் போனதுக்கப்புறம் நீ இந்தக் கல்லயே கட்டிக்கிட்டு அழணுமா?" என்றவள், நிறுத்தி, "நீ பாத்து வேணாம்னா வேணாம். நீ சொன்னாத்தான் போடுவேன்" என்றாள்.

சாதாரண மகளாக இருந்தால் இதைக் கேட்டு நெகிழ்ந்திருப்பாள். எனக்கு நெகிழ்ச்சி வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், வந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னாலேயே வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. சின்னவள் வாங்கினாளே என்றுதான் அம்மாவுக்கே தோன்றியிருக்கிறது. இத்தனை வருஷம் நான் சாப்பாட்டு மேசையில் கல்லைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விட்டவள், திரைச்சீலைக்காரி பேசியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் டைம் கொடு என்றேன்.

கம்பெனி வெளியிட்ட அறிக்கையை ஆபீசில் அச்செடுத்து வந்தேன். முதலில் பணப் பக்கங்களைப் படித்தேன். கையில் இருந்த பணம் ஏழு மாதத்துக்குத்தான் வரும். அதற்கப்புறம் புது ஷேர் அச்சடித்து விற்றே ஆகவேண்டும், அப்போது பழைய ஷேர்க்காரர்களின் பங்கு சுருங்கும். இருக்கிற கேக் அதேதான், தின்ன உட்காருகிறவர்கள் மட்டும் அதிகம். அடுத்து ஆட்களைப் பற்றிப் படித்தேன். தலைவர் இதற்கு முன் மூன்று கம்பெனி நடத்தியவர். மூன்றிலும் சுரங்கம் வரவில்லை, அவருக்குச் சம்பளம் மட்டும் தவறாமல் வந்திருக்கிறது. எழுபத்தொரு வயது அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்ல இந்த இரண்டே போதும். யோக்கியமான காரணங்கள். அங்கேயே அறிக்கையை மூடி வைத்திருக்கலாம்.

ஆனால் அந்தக் காரணங்களில் எனக்குத் திருப்தி இல்லை. 'ஆபத்து இருக்கிறது' என்று சொன்னால் தங்கை, "அது எனக்கும் தெரியும்க்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்து போட்டு ஜெயித்தவளைத் தைரியசாலி என்பார்கள். எனக்கு அவள் தைரியசாலியாக வேண்டாம், முட்டாளாக வேண்டும். அதனால் மூன்றாம் முறை படிக்க உட்கார்ந்தேன், பொய் சொல்லும் பிள்ளையின் பையைச் சோதிக்கிற டீச்சர் மாதிரி.

கம்பெனி பெருமையாகப் போட்டிருந்த செய்தி ஒன்று உண்டு. ஒரு துளையில் முப்பத்தெட்டு மீட்டர் நீளத்துக்குத் தங்கம் இருந்தது என்பது. அந்த ஒரு செய்தியில்தான் ஷேர் எகிறியது. அதற்கு ஒரு வெட்டுப் படம் போட்டிருந்தார்கள். மலையைக் கத்தியால் நெட்டாக அறுத்து உள்ளே பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைகிற படம். பாறைக்குள் தகடு போலச் சாய்ந்து ஓடும் தங்கப் பட்டையை அதில் வரையவில்லை, துளையை மட்டும் ஒரு சாய்ந்த கோடாக வரைந்து, தங்கம் இருந்த இடத்தைச் சிவப்பாக்கியிருந்தார்கள். கோடு இடது மேலிருந்து வலது கீழே இறங்கியது. வலது என்றால் கிழக்கு. பத்தொன்பது வருஷமாக நான் வரைந்த படங்கள் எல்லாவற்றிலும் வலது கிழக்குதான். இரண்டு பக்கம் முன்னால், தங்கப் பட்டை கிழக்கே சாய்ந்து இறங்குகிறது என்று எழுதியிருந்தார்கள். பட்டையும் கிழக்கே இறங்குகிறது, துளையும் கிழக்கே இறங்குகிறது. அப்படியென்றால் இவர்கள் பட்டையைக் குறுக்கே துளைக்கவில்லை, பட்டைக்குள்ளேயே நீளவாட்டில் இறங்கிப் போயிருக்கிறார்கள். முப்பத்தெட்டு மீட்டர் என்பது தடிமனே இல்லை. உண்மையில் ஒரு மீட்டர்கூட இருக்காது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. எழுந்து நின்றுவிட்டேன். சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டேன், வட்டத்துக்கு மேல் இன்னொரு வட்டம் போட்டேன். அதற்குப் பின்னால் இருந்த பக்கங்களை நான் திருப்பவில்லை. தேடியது கிடைத்த பிறகு பையை யார் குடைவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள், அம்மா கூப்பிட்டிருந்தாள். மாப்பிள்ளை தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் விற்பவர், எதையும் விற்கிற குரலிலேயே பேசுவார். நான் மேசையில் பாக்கெட் ரொட்டி, ஜாம், இரண்டு ஸ்ட்ரா எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ரொட்டித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் ஒரே ஒரு அடுக்கில் மட்டும் ஜாம் தடவினேன். அடுக்கைச் சாய்வாக நிறுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இதுதான் மலை. இந்த ஜாம்தான் தங்கம். இப்பப் பாருங்க."

ஒரு ஸ்ட்ராவைக் குறுக்கே குத்தி எடுத்தேன். ஊதித் தள்ளினால் ரொட்டி, ரொட்டி, நடுவில் நகக்கண் அளவு ஜாம். இன்னொரு ஸ்ட்ராவை ஜாம் ஓடுகிற வாட்டத்திலேயே உள்ளே செருகி எடுத்தேன். முனையிலிருந்து முனைவரை ஜாம்.

"ரெண்டும் ஒரே மலை. ஒரே ஜாம். உங்க கம்பெனிக்காரன் ரெண்டாவது ஸ்ட்ராவக் காட்டித்தான் வித்திருக்கான்."

அறிக்கையை எடுத்துச் சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். கிழக்கு, சாய்வு, கோணம் எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் விளக்கியதில்லை. அம்மா ஸ்ட்ராவைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள்.

"யக்கா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது," என்றார் மாப்பிள்ளை. "ஆறு மடங்கு ஏறினதுக்கப்புறம் வந்து ரொட்டியக் காட்டுறீங்க. அடுத்தவங்க நல்லாருந்தா சில பேருக்குப் பொறுக்காது. உங்களச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்."

"பொதுவாத்தான் நானும் கேட்டுக்கிட்டேன் மாப்ள," என்றேன்.

தங்கை பேப்பரைத் தன் பக்கம் இழுத்தாள். சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இந்தப் பேப்பர நான் எடுத்துக்கட்டாக்கா?" என்று கேட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது மேசையைத் துடைத்துவிட்டுத்தான் போனாள். சுருக்கென்று பட்டிருக்கிறது, வெளியே காட்டாமல் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பணத்தை பேங்கிலேயே விட்டுவிடுவதாகச் சொன்னாள். மிச்ச ரொட்டியை நானே உட்கார்ந்து தின்றேன், ருசியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனி புது அறிக்கை விட்டது. இன்னும் நாலு துளை, நாலிலும் தங்கம். ஷேர் விலை ஒரே நாளில் ஒன்றரை மடங்கானது. தங்கை போன் செய்து குத்திக்காட்டுவாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன், என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். போன் வரவில்லை. பெருந்தன்மையாக இருக்கிறாளாம். அது இன்னும் எரிந்தது.

எப்படியும் இதிலும் ஒரு தில்லுமுல்லு இருக்கும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகையில் உட்கார்ந்து புது அறிக்கையைத் திறந்தேன். இந்தத் தடவை வெட்டுப் படத்தில் பட்டையையும் வரைந்திருந்தார்கள். பட்டை வலது பக்கம் சாய்ந்து இறங்கியது. பழைய துளையும் அதில் இருந்தது. அது இடது பக்கம் இறங்கியது. பட்டையைக் குறுக்கே, ஏறக்குறைய நேர்க்குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. யாரோ படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய அறிக்கையைக் கம்ப்யூட்டரில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் கீழ் மூலையில், எறும்பு அளவில் ஓர் அம்பு, பக்கத்தில் எழுத்து: 'தெற்கு நோக்கிய தோற்றம்'. தெற்கே முகம் வைத்து நின்றால் வலது கை மேற்கு. நான் கிழக்கு என்று நினைத்த பக்கம் மேற்கு. அப்படி எந்தக் கிறுக்கன் வரைவான் என்று திட்டினேன். திட்டிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே அட்டவணை இருந்தது, துளைக்கு எதிரே திசை என்று போட்டு மேற்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். படத்தை நம்பாதே, முதலில் அட்டவணையைப் பார்.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். எதிரே பெட்டிகளில் கற்கள் காய்ந்துகொண்டிருந்தன. பொறாமை கண்ணை மறைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், என் விஷயத்தில் அப்படி இல்லை. என் கண் நன்றாகத்தான் தெரிந்தது, சும்மா இருந்திருந்தால் பார்க்காததை எல்லாம் பார்த்தது. எனக்கு வேண்டியது கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தப்பாகப் படித்துவிட்டேன், அந்தத் துளை சரியான துளைதான் என்றேன். அம்மா கீரை கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"அப்போ போடலாமா?"

"வேணாம்மா."

"ஏன்? அதான் சரியான தொளன்னுட்டியே."

"அவங்க கைல பணமே இல்ல. ஏழு மாசம்தான் தாங்கும், அதுல ஒரு மாசம் போயிடுச்சு. நடத்துறவனும் சரியில்ல. தங்கம் இருக்குறது வேற, சுரங்கம் வர்றது வேற."

"இது உனக்கு இப்பத்தான் தெரியுமா?"

"இல்ல. மொதல்லயே தெரியும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருந்தாப் போதுமே. அப்புறம் எதுக்குடி அவ்வளவு ரொட்டி?"

நானும் ஒரு பிடி கீரையை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தேன். சொல்லாமலே அவளுக்குப் புரிந்திருக்கும், பெற்றவள் அல்லவா. "சின்னவகிட்டயும் போய்ச் சொல்லிடு" என்றாள்.

சனிக்கிழமை போனேன். அந்தத் தெருவுக்குள் நுழையும்போது எனக்குப் பெரிய பயம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தங்கை எப்படியும் என் பேச்சை நம்பியிருக்கமாட்டாள், ஷேரும் கையில் இருக்கும், விலையும் ஏறியிருக்கிறது. நான் தப்பை ஒத்துக்கொள்வேன், அவள் சிரிப்பாள், ஒரு டீயோடு போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மன்னிப்பைக்கூட மலிவு விலையில் வாங்கப் போனேன்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. வாங்க என்று சொல்லவில்லை.

"திருப்தியாக்கா?"

"என்ன மாப்ள?"

"உங்க தங்கச்சி மறுநாளே எல்லாத்தையும் வித்துட்டா. ஒண்ணு பாக்கி இல்லாம. நான் கால்ல விழாத கொறையாச் சொன்னேன், கேக்கல. வெச்சிருந்தா மாடிக்கு வாங்கின லோன் மொத்தமும் இன்னைக்கு முடிஞ்சிருக்கும். வித்த காசு போக மிச்சத்தப் பத்து வருஷத்துக்குக் கட்டணும் இப்ப." விற்கிற குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "எங்கக்கா கல்லப் பாத்துச் சொன்னாத் தப்பாதுங்கிறா. ஒரே பாட்டு."

மேலேயிருந்து தங்கையின் சத்தம் வந்தது. "அக்காவா? மேல வாக்கா. அவர் கெடக்குறார்."

மாடிப்படிக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அறை முழுக்கச் சிமென்ட் வாசனை. நாலு ஜன்னலிலும் திரைச்சீலை கிடையாது, ஊருக்கெல்லாம் தைக்கிறவள் வீட்டு ஜன்னல்கள் மொட்டையாக இருந்தன. அவள் வெளியே பால்கனியில் நின்று கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் அவள் முதுகில் விழுந்து கண்ணாடி வழியாக என் கால்வரை வந்தது. ஜன்னலின் ஒரு கதவு திறந்திருந்ததால் பேசுவது கேட்டது.

"ஏன் வித்த?" என்றேன்.

"நீதானக்கா சொன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ என்னைக்கு நான் சொல்லிக் கேட்ட? வாங்கும்போது கேட்டியா?"

"கேட்டா வேணாம்ப. நீ எல்லாத்துக்கும் வேணாம்தான சொல்லுவ." சிரித்தாள். "கல்லுக் கம்பெனின்னு அந்தம்மா சொன்னதும் உன் ஞாபகம்தான் வந்துச்சு. அதான் வாங்கினேன். உன் வேலைல எனக்கும் ஒரு ஒட்டு இருக்கட்டுமேன்னு."

"அப்புறம் வித்தது?"

ஸ்டிக்கர் கிழிந்து பாதி கையோடு வந்தது. மிச்சத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீ வேணாம்னு மட்டும் சொல்லியிருந்தா நான் கண்டுக்கிட்டிருக்க மாட்டேன்க்கா. ஆனா உன் மொகத்தப் பாத்தேன். அந்த ரொட்டிய வெச்சு நீ சொல்லும்போது அவ்வளவு சந்தோஷம் உன் மொகத்துல. நான் அப்படி உன்னப் பாத்ததே இல்ல. உனக்கு உன் வேலை எவ்வளவு பிடிக்கும்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நிச்சயமாத் தெரியலைன்னா ஒரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் வருமா?"

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். உட்கார அந்த அறையில் நாற்காலி இல்லை.

"அவர் மொகத்தத் தூக்கி வெச்சிருக்கார், விடு. வெல ஏறுனா என்ன, ஒருநாள் இறங்கும், அப்ப வந்து நிப்பார்" என்றாள். "ஆனா எனக்கு ஒரு உதவி பண்ணுக்கா. நீ சொன்னத நான் அவர்கிட்ட சொல்லப் போனா பாதில கொழம்பிடுது. எந்தப் பக்கம் சாயுது, எது குறுக்கன்னு. இன்னொரு தடவ சொல்லிக் குடு. இந்தத் தடவ பிடிச்சுக்கறேன்."

பால்கனிக் கட்டையில் கிடந்த துணி சாம்பிள் புத்தகத்துக்குள்ளிருந்து அந்தப் பேப்பரை எடுத்தாள். மடிப்புகள் எல்லாம் தேய்ந்திருந்தன, பல தடவை பிரித்துப் பார்த்திருக்கிறாள். நான் உள்ளே நிற்கிறேன், அவள் வெளியே நிற்கிறாள், அச்சடித்த பக்கத்தைத் தன்னைப் பார்க்க வைத்துப் பேப்பரைக் கண்ணாடியோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். பின்னாலிருந்து வெயில் அடித்தது. பேப்பர் விளக்குப் போட்டது போல வெளிச்சமாகி, கோடுகள் எல்லாம் என் பக்கம் தெரிந்தன. எழுத்துகள் இடம் வலம் மாறியிருந்தன. என் சிவப்பு வட்டங்கள் இரண்டும் நடுவில் இருந்தன, அவற்றுக்குள் துளை வலது மேலிருந்து இடது கீழே இறங்கியது, மேற்கே, போகவேண்டிய பக்கம். நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க அந்தப் படத்தில் ஒரு பிழையும் இல்லை.

"சொல்லுக்கா," என்றாள், வட்டத்துக்குள் விரலை வைத்துக்கொண்டு. "எங்க தப்பு?"

அவள் உள்ளங்கை, அந்த எறும்பளவு அம்பு இருந்த கீழ் மூலையை மறைத்திருந்தது. நான் கையைத் தூக்கி, கண்ணாடியின் இந்தப் பக்கம், அந்த மூலையில் என் விரலை வைத்தேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் கொஞ்சம் நகர்த்தினாள், அவள் விரல் கோட்டை விட்டுவிட்டு, என் விரல் இருந்த இடத்தைத் தேடிக் கண்ணாடியில் மெல்லக் கீழே இறங்கி வந்தது.